மீன் ஒத்துக்காத மீன்காரி

மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணை அமுக்கிப் பார்ப்பார்கள். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. கூடை தள்ளி இருக்கும்போதே, அது இன்றைக்குக் கரையேறியதா, நேற்று ஐஸில் படுத்து எழுந்ததா என்று சொல்லிவிடுவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு மந்தைவெளி, அடையாறு, அசோக் நகர் என்று மூன்று இடத்தில் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற குளிர்வண்டி. பட்டம் வாங்கிய பையன்கள் என் கல்லாவில் பில் போடுகிறார்கள். எல்லாம் இந்த மூக்கு சம்பாதித்தது. எவன் தயவும் இல்லை.

ஆனால் என் மூக்கைவிட நல்ல மூக்கு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூக்குக்குச் சொந்தக்காரி மீன் தின்னாதவள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதப்போவதில்லை. அவள் மகள் உயிரோடு இருக்கிறாள், குப்பத்து வாய்க்கு இன்னொரு தீனி வேண்டாம். எனக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்துச் சாக்குக்காரி.

அப்போது எனக்குக் கண்ணாடிக் கதவு இல்லை. மந்தைவெளி மார்க்கெட் ஓரத்தில் கோணிச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் பாளம் தள்ளிக்கொண்டிருந்தவன். அந்தக் கூலி என் புத்திக்குப் போதாது என்று வெளியே வந்து சொந்தமாகக் கூடை எடுத்தேன். எனக்கு இடது பக்கம் அவள். பெசன்ட் நகரை ஒட்டிய குப்பத்திலிருந்து விடியும்போதே கூடையோடு வந்துவிடுவாள். உயரமான உடம்பு, ஒரு முழங்காலை மடக்கி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி விழும்.

அந்த மார்க்கெட்டில் நேற்றைய மீன் என்று ஒன்று கிடையாது. எவளைக் கேட்டாலும், எவனைக் கேட்டாலும், இப்பதான் வந்தது. நானும் அப்படித்தான் சொன்னேன். வியாபாரம் என்றால் அதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. இவள் மட்டும் கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொல்லுவாள். இது நேத்துது, கொழம்புக்கு வாணாம், மசாலா தடவி வறுத்துக்கோ. இது முட்டை கீற நண்டு இல்ல, வெறும் ஓடு, வாணாம். இப்படிச் சொன்னால் எவனாவது நிற்பானா? நான் பக்கத்திலிருந்து பல்லைக் கடிப்பேன். வாயை மூடிக்கினு இருக்கக் கூடாதா என்பேன். அவள் தராசைத் துடைத்துக்கொண்டே, "கேட்டாங்க, சொன்னேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் நியாயம்.

வெயில் ஏறுவதற்குள் அவள் சாக்கு காலியாகிவிடும். என் சாக்கில் சங்கரா மீன்கள் என்னையே முறைத்துக்கொண்டு கிடக்கும்.

சுறா மட்டும் அவளுக்குத் தகராறு. மீன்காரர்களுக்குத் தெரியும், நாள்பட்ட சுறாவை அறுத்தால் மூத்திர வாடை வரும், கண்ணைக் கரிக்கும். ஐஸ் ஃபேக்டரியில் குழாய் கசிந்தால் வருமே, அதே வாடை. மற்ற மீன் மாதிரி இல்லை சுறா. மூத்திரத்தில் போகவேண்டிய உப்பைத் தன் சதையிலேயே வைத்துக்கொண்டு நீந்துகிற ஜாதி. செத்தபிறகு அந்த உப்பு கெட்டு அம்மோனியாவாகும். எனக்கு வாடை தட்டுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே இவளுக்குத் தட்டிவிடும். இத்த ஓரமா வை தம்பி, தலய நோவுது என்பாள். பெருமைக்காரன்தான் நான், இருந்தாலும் அவள் ஓரமாக வைக்கச் சொன்ன சுறாவை ஒரு நாளும் விற்றதில்லை. விற்ற மற்றவர்கள் மறுநாள் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பாடு. மார்க்கெட் பெண்கள் எல்லாரும் தூக்குச் சட்டியைத் திறந்தால் மத்திக் குழம்பு, நெத்திலி வறுவல், கருவாட்டுத் தொக்கு. அக்கா சட்டியில் புளித்தண்ணீர் ஊற்றின சோறு, கத்திரிக்காய் வதக்கல், ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு வாழைப்பழம். கறி கிடையாது, முட்டை கிடையாது. யாராவது சாம்பார் கொடுத்தால் மேலே நிற்கிற தண்ணியை மட்டும் சாய்த்துக்கொள்வாள், அடியில் இருக்கிற பருப்பை விட்டுவிடுவாள். பால்கூட ஒரு டீக்கு மேல் போகாது. அதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது. மீன், கறி வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பருப்பு வேண்டாம் என்கிற சைவத்தை எங்கே பார்த்தேன்?

கேட்டால் ஒரே வார்த்தை, ஒத்துக்காது. ஏன் ஒத்துக்காது, தின்றால் என்ன ஆகும், எந்த டாக்டர் சொன்னார், எதற்கும் பதில் கிடையாது. அவளுக்கே தெரியாது. தெரியாததை அவள் எப்படிச் சொல்லுவாள்? தெரிந்தது ஒத்துக்காது என்பது ஒன்றுதான், அதைச் சொன்னாள்.

மீன் விற்கிறவள் மீன் தின்ன மாட்டாள் என்றால் சும்மா விடுவார்களா? மார்க்கெட்டில் அவளுக்கு மாமி என்று பெயர் விழுந்தது. இன்னா மாமி, மடிப்பொடவ காஞ்சிச்சா என்பாள் ஒருத்தி. தள்ளி நவுந்துக்கோ, மாமி மேல செதில் பட்டுரும் என்பாள் இன்னொருத்தி. அக்கா செதிலை வழித்து அவர்கள் பக்கமே எறிவாள்.

ஒரு நாள் நிஜமான மாமியே வந்து நின்றாள். மயிலாப்பூர்ப் பக்கத்து அம்மாள், மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு மார்க்கெட் குறுக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவள். யாரோ வாயாடி அவளிடம் கதையை ஓதியிருக்கிறாள். மாமி அக்கா முன்னால் குனிந்து, "ஏண்டிம்மா, நீ மீனே தொட மாட்டியாமே? பேசாம நம்மாத்துக்கு வேலைக்கு வந்துடேன். சுத்தமா இருந்துண்டு நாலு பாத்திரம் தேய்ச்சாப் போறும், இந்த நாத்தம் உனக்கெதுக்கு?" என்றாள். நல்ல சம்பளம், நிழலில் வேலை. நானாக இருந்தால் கைகூப்பி ஆமாம் சாமி போட்டிருப்பேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்து, "எனுக்கு மீன் நாத்தம் புடிக்கும்மா. துன்னத்தான் ஒத்துக்காது" என்றாள்.

மாமிக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் பக்கத்திலும் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் அவளைத் தங்கள் கட்சியில் சேர்க்கப் பார்த்தார்கள், அவள் எந்தக் கட்சியிலும் சேராமல் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

குப்பத்தில் இன்னும் மோசம். புருஷன் கடலுக்குப் போகிறவன், வீட்டில் இருந்தால் தூங்குகிறவன். வீட்டை ஆண்டவள் அவன் அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார். பெரிய கை, பெரிய குரல், யார் வீட்டுச் சாவுக்கும் பிரசவத்துக்கும் முதலில் போய் நிற்கிறவள். அவளைக் கெட்டவள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல ஆசைதான். தம்பி வலை போட்டுப் பிடித்துவந்த மீனை அவன் பெண்டாட்டி தொடாமல் இருப்பது அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது. எங்க கடலு இன்னாடி பாவம் பண்ணிச்சு என்று கேட்பாளாம்.

ஒரு காதுகுத்தில் நானும் இருந்தேன். பந்தலில் பிரியாணி. நாத்தனார் எல்லார் முன்னாலும் இவள் தாடையைப் பிடித்து, கறித்துண்டை வாயில் திணித்தாள். விளையாட்டுத்தான். எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரிப்பதுபோல முழுங்கினாள். மேலும் மேலும் ஊட்டினார்கள். சாயங்காலம் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு குழறியது. என்னைப் பார்த்து, நைனா வா போலாம், அலை பெருசா வருது என்றாள். அவள் நைனா, பெத்த அப்பா, எப்போதோ கடலோடு போய்விட்டவர். அப்புறம் வாந்தி, அப்புறம் தூக்கம், மறுநாள் பொழுது சாய்கிறவரை தூக்கம். எழுந்தவள் ஒன்றுமே நடக்காத மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டாள். குடித்திருந்தாள் என்றார்கள் சிலர். நடிக்கிறாள் என்றாள் நாத்தனார்.

அதற்கப்புறம்தான் நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். என் புத்தி அப்படி, எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி வைத்திருப்பேன். ஊரில் எத்தனை பெண்கள் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்கிறார்கள், ஆடி முழுக்க வேண்டாம் என்கிறார்கள். எவளாவது தாடையைப் பிடித்துத் திணித்திருக்கிறாளா? நீயும் சொல், அம்மனுக்கு வேண்டுதல், ஆயுசுக்கும் மீன் கறி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன் என்று சொல். உன் நாத்தனார் உன் காலைத் தொட்டுக் கும்பிடுவாள்.

அக்கா அரிவாள்மனையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள்.

"நான் ஒண்ணியும் வேண்டிக்கலயே தம்பி."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"அம்மனுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னா வுட மாட்டாங்களா? நேத்து மீன இன்னிக்கு மீனுன்னு சொல்லாதவ, இத்த மட்டும் ஏன் சொல்லணும்?" என்றாள்.

விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியவே இல்லை. உண்மையைச் சொன்னால் போதும், ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தவள் அவள். மீன் விஷயத்தில் எடுத்துக்கொண்டார்கள். மீன் அவர்கள் வயிற்றுக்குப் போகிறது. இவள் உடம்பு யார் வயிற்றுக்குப் போகிறது?

பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம். வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து நாத்தனார் பத்தியம் ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு. பால்சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் பிரட்டிக் கொடுப்பார்கள். ஊறாத பாலும் ஊறும் என்பார்கள். நாத்தனார் தானே கரைக்குப் போய், துடிக்கிற சுறாவாகப் பார்த்து எடுத்து வந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாத சுறா. ஊட்டியதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். ஒத்துக்காது என்றாளாம். நாத்தனார் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்து, "புள்ளைக்குப் பாலு வாணாவா? உன் நாக்கு பெருசா, இதோட வவுறு பெருசா?" என்று கேட்டாளாம்.

அக்கா குழந்தையைப் பார்த்தாள். தானாக வாயைத் திறந்தாள். தாடையைப் பிடிக்கவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. வேளை தவறாமல் புட்டு, இடையில் முட்டை.

நான் ஒரு சீப்பு வாழைப்பழமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது, அந்த வீட்டு வாசலில் கூட்டம். வேப்பிலை செருகியிருந்தார்கள். உள்ளே உடுக்கை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் காட்டினால், யாருது இது, தூக்கினு போ என்றாளாம். பிள்ளை பெத்த வீட்டில் ஏதோ புகுந்துவிட்டது என்று பூசாரியைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

என்னை அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு தடித்துப்போயிருந்தது, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்.

"தம்பி, நீ சொல்லு அவங்களாண்ட. அம்மனுக்கு வெரதம். மீனு வாணாம். எனுக்கு வெரதம்."

தன் வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே பொய். நான் வாயைத் திறப்பதற்குள், அம்மன் என்ற சொல் பூசாரி காதில் விழுந்துவிட்டது. ஆத்தா வந்துட்டா என்று உடுக்கையை ஓங்கி அடித்தான். நாத்தனார் பதறிப்போய்க் கற்பூரம் ஏற்றினாள். கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இன்னா கோவம் ஆத்தா, இன்னா வோணும் கேளு என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அக்கா கண்ணை மூடிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் கத்தியதை, சாமி மலையேறட்டும் என்று அடக்கினார்கள். கடைசியில் கொண்டுபோனபோது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அப்புறமும் திறக்கவில்லை, போய்விட்டாள். பிரசவ ஜன்னி என்றார்கள் ஆஸ்பத்திரியில். குப்பத்தில் பேய் என்றார்கள், சாமிக் குத்தம் என்றார்கள். புருஷன் வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு வடசென்னைப் பக்கம் போய்விட்டான். குழந்தையை வளர்த்தவள் நாத்தனார்தான். சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வளர்ந்தேன். சாக்கு போய் பலகை, பலகை போய் கடை, கடை போய் மூன்று கடை. அவள் இருந்திருந்தால் நாலாவது கடை அவளுடையதாக இருந்திருக்கும், மந்தைவெளியில் என் கடை ஓடியிருக்காது. அதுதான் நிஜம்.

அந்தப் பெண் பெரியவளாகி, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அம்மாவைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றால் என் கடைக்கு வருவாள். வளர்த்த அத்தையிடம் கேட்டால் பேய்க்கதை வரும், என்னிடம் கேட்டால் நடந்த கதை வரும். விரத யோசனை, காதுகுத்து, உடுக்கை, எல்லாம் நான் சொல்லி அவளுக்குத் தெரியும். அவளும் மீன் என்றால் ஒரு வாய், தட்டை நகர்த்திவிடுவாள். தயிர்சாதம் ஊறுகாய் போதும். பெத்த ஆத்தா புத்தி என்பாள் அத்தை.

கல்யாணமாகி அவளுக்கு முதலில் ஆண் குழந்தை பிறந்தது. நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று குடிக்கவில்லை, விழிக்கவில்லை, மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. எனக்குத்தான் போன் வந்தது. என் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் அம்மோனியா ஏறியிருக்கிறது என்றார்.

படித்தவர்களுக்கு அது ஒரு சொல். எனக்கு அது கண்ணைக் கரிக்கிற நிஜம். ஐஸ் ஃபேக்டரியில் ஒருமுறை குழாய் வெடித்து, கூட வேலை செய்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்ததைப் பார்த்தவன் நான். பிறந்த குழந்தை உடம்புக்குள் அது எப்படிப் போகும் என்று கேட்டேன். போகவில்லை, உள்ளேயே உண்டாகிறது என்றார்.

பொறுமையான அம்மாள், எனக்குப் புரிகிறவரை சொன்னார். மீனோ, முட்டையோ, பருப்போ, தாய்ப்பாலோ, அதிலுள்ள புரதத்தை உடம்பு பிரித்துச் சின்னத் துண்டுகளாக ஆக்குமாம். அமினோ அமிலம் என்று பெயராம். அந்தத் துண்டுகளை வைத்துத் தன் சதையைக் கட்டிக்கொள்ளுமாம். பழைய படகைப் பிரித்து அந்தப் பலகையிலேயே வேறு படகு கட்டுவதைக் கரையில் பார்த்தவன் நான், எனக்கு இதில் சிரமமில்லை. மிஞ்சின பலகையை என்ன செய்வது, அதுதான் சிக்கல். கொழுப்பைச் சேர்த்துவைக்க உடம்பில் இடமுண்டு, என் தொப்பையே சாட்சி. இந்தத் துண்டுகளுக்குக் கிடங்கு கிடையாதாம். வேண்டாததை உடனே உடைத்து எரித்துவிடவேண்டும். உடைத்தால் அம்மோனியா வரும். அதைக் கல்லீரல் பிடித்து யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் அனுப்பிவிடும். கைமாற்றிக் கைமாற்றிச் செய்கிற வேலை, வரிசையில் ஒரு ஆள் இல்லையென்றால் அம்மோனியா அப்படியே நின்று மூளைக்கு ஏறும். இந்தக் குழந்தைக்கு அந்த ஆள் பிறவியிலேயே இல்லை. தாயிடமிருந்து வருவது. பெண்களுக்கு அரைகுறையாக வேலை நடக்கும், அதனால் பிழைத்துக்கிடப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சுத்தமாக நடக்காது.

பிறகு டாக்டரம்மா கேட்டார், "இவங்க அம்மா வழியில ஆம்பளக் குழந்தை யாராவது பிறந்த கொஞ்ச நாள்ல தவறியிருக்கா? கறி, மீன்னாலே ஒதுக்குறவங்க யாராவது உண்டா?"

இருந்தான். இந்தப் பெண்ணுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பையன் பிறந்தான். பால் குடித்தான், தூங்கினான், எழவில்லை. தங்கவில்லை என்றார்கள். ஈரம் காய்வதற்குள் அக்கா கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டாள், கல்நெஞ்சுக்காரி என்று எல்லாரும் பேசினார்கள். குடிக்கப் பிள்ளை இல்லை என்பதால் அந்தத் தடவை பாலுக்குப் பத்தியமும் இல்லை, சுறாவும் இல்லை. அவள் அன்றைக்குப் பிழைத்தது அதனால்தானோ என்னவோ.

எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, வாந்தி, குழறல், பருப்பை ஒதுக்கியது, பால்சுறா. டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவளுக்குப் பெயர் தெரியாத விஷயம், உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு என்றார். அப்படியானால் சுறாதானே அவளைக் கொன்றது என்று கேட்டேன். எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, தலையில் கட்டுவதற்கு. டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சோதித்துப் பார்க்க முடியாது என்றார். சுறா சுமையைக் கூட்டியிருக்கலாம் என்றார். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது உடம்பு தன் சதையைத்தானே உடைக்கும், அதிலேயே சிலருக்கு அம்மோனியா ஏறிவிடும், பட்டினி கிடந்தாலும் அப்படித்தான் என்றார். ஒருத்தர் மேல் பழி போடாதீங்க என்றார். படித்தவர்கள் இப்படித்தான், கையில் கொடுத்த கத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது, இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சுறாவுக்கு அந்த வேலை தெரியும். அம்மோனியாவை யூரியாவாக, அந்த மூத்திர உப்பாக மாற்றிச் சதையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நீந்துகிறது. அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்ததைக் கொண்டுவந்து தெரியாதவள் வாயில் ஊட்டினார்கள்.

குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணைச் சோதித்து, உனக்கும் அரைகுறைதான், அடுத்த பிரசவத்தில் எங்கள் கண்முன்னால் இருக்கவேண்டும், அளவாகச் சாப்பிட வேண்டும், பட்டினியும் கூடாது என்று எச்சரித்தார்கள்.

அடுத்தது பெண் குழந்தை. தாய்க்கு நரம்பில் குளுக்கோஸ், அடிக்கடி ரத்தச் சோதனை என்று கண்ணுக்குள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். தாய்வீடு என்று அவளுக்கு இருப்பது அத்தை வீடுதான், அங்கே போனாள். நான் தொட்டில் வாங்கிக்கொண்டு போனேன், கடையிலேயே உயர்ந்த ரகம். கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருந்தது. சின்ன போட்டோவைப் பெரிதாக்கியது, முகம் மங்கலாக இருக்கும், மாலை மட்டும் புதிது.

அக்காவின் மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அத்தைக்கு இப்போது முட்டி மடங்காது. ஆனாலும் கரைக்குப் போயிருக்கிறாள். மூடிபோட்ட கிண்ணத்தோடு வந்தாள். மூடியைத் திறக்குமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது, பூண்டு, நல்லெண்ணெய், பால்சுறா. புதுசு, ஒரு குறையும் சொல்ல முடியாது.

டாக்டர் சொன்னதை எல்லாம் அந்தப் பெண் சொன்னாள். நிதானமாக, படித்த பிள்ளை மாதிரி, அம்மோனியாவையும் ரத்தச் சோதனையையும் சொன்னாள். அம்மாவுக்கு இதுதான் ஆச்சு என்றும் சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். மூன்று கடை முதலாளி சொன்னால் குப்பத்தில் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் கண் ஈரமாயிற்று. "டாக்டருங்களுக்கு இன்னாடி தெரியும்? நான் இன்னா வெசமா வெச்சேன் உங்கம்மாவுக்கு? என் கையால ஊட்டினேன்டி" என்றாள். பிறகு கிண்ணத்தைக் கட்டில்மேல் வைத்து, ஒரு விள்ளல் எடுத்து, "ஒரே ஒரு வாய். புள்ளைக்குப் பாலு வாணாவா?" என்றாள்.

அதே கேள்வி. அந்தப் பெண் தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பிடுங்கி எறியலாம் என்று எழுந்தேன்.

பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அத்தையிடம், "நான் அம்மனுக்கு நேந்துக்கினு கீறேன் அத்தை. புள்ள தங்குனா ஆயுசுக்கும் மீனு, கறி தொடமாட்டேன்னு" என்றாள்.

விள்ளலோடு நீண்ட கை அப்படியே நின்றது. அத்தை அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, புறங்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்த மொதல்ல சொல்லக்கூடாதாடி, பாவத்துல தள்ளப் பாத்தியே என்றாள். அவ்வளவுதான். சோதனை, டாக்டர், செத்துப்போன பிள்ளை, செத்துப்போன தாய், எதற்கும் அசையாத கை அது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அத்தை எழுந்தாள். நல்ல சுறா, வீணாகக்கூடாது என்று முணுமுணுத்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்துச் சுவரில் அக்காவின் படத்துக்குக் கீழே இருந்த பலகையைத் தலைப்பால் துடைத்தாள். கிண்ணத்தை அதில் வைத்து, மூடியைத் திறந்து, படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"உம் பொண்ணு வெரதமாம். நீ துன்னு."